பத்திரிகையில் மறைத்த வரி

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. "கம்ப்யூட்டர்ல இன்னாம்மா பண்றே?" என்று யாராவது கேட்டால் "டைப் அடிக்கிறேன்" என்று முடித்துக்கொள்வேன். அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஒருமுறை ஒரு சித்தியிடம் பொறுமையாக உட்கார்ந்து முழுசாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஜாதகம் அடிச்சுத் தருவியா?" என்றார். அன்றோடு சரி.

வெளிநாட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் படிக்கிற கணக்குப் புத்தகங்களை அச்சுக்குத் தயார் செய்வதுதான் என் வேலை. கம்பெனி சென்னையில் இருக்கிறது. திருத்தணியிலிருந்து தினமும் காலை ரயிலில், பாதி நாள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, ஒன்பது வருஷம் போய் வந்தேன். ஊரடங்கு வந்தபோது வீட்டிலிருந்தே பாருங்கள் என்றார்கள். ஊரடங்கு முடிந்ததும் திரும்பக் கூப்பிட மறந்துவிட்டார்கள். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இந்த வேலைக்கு லாடெக் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் எழுத்தைப் பிடித்து இழுத்து இங்கே வை, அங்கே வை என்று செய்ய முடியாது. எல்லாவற்றையும் கட்டளையாக எழுத வேண்டும். இது தலைப்பு, இது தடித்த எழுத்து, இங்கே அடுத்த வரிக்குப் போ. எழுதி முடித்து ஓட்டினால் பக்கம் தயாராகி வரும். பிடிக்காதவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். எனக்கு ஏன் பிடித்தது என்றால், அதில் இல்லாத கட்டளையை நாமே உண்டாக்கி, நமக்குத் தோன்றிய பெயரை அதற்கு வைக்கலாம். வீட்டில் என் கட்டளை எதுவும் செல்லுபடியாகாத குறையை நான் அங்கே தீர்த்துக்கொண்டேன்.

நான் உண்டாக்கிய கட்டளைகளில் அதிகம் உழைத்தது மறைக்கிற கட்டளை. கணக்குப் புத்தகம் ஒன்றுதான், ஆனால் ஆசிரியருக்கு விடையோடு போக வேண்டும், மாணவனுக்கு விடை இல்லாமல் போக வேண்டும். இதற்காக இரண்டு கோப்பு வைத்துக்கொள்கிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒன்றில் திருத்தியது இன்னொன்றில் விட்டுப்போகும். நான் ஒரே கோப்பில் விடைகளை எல்லாம் என் கட்டளைக்குள் போட்டுவிடுவேன். கோப்பின் தலைமாட்டில் ஒரே ஒரு வரி இருக்கும். அதில் 'காட்டு' என்றால் ஆசிரியர் புத்தகம், 'மறை' என்றால் மாணவர் புத்தகம். விடை எங்கேயும் ஓடிப்போவதில்லை. கோப்புக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும், அச்சில் மட்டும் தலை காட்டாது.

இதே வேலையை என் தங்கை கல்யாணத்தில் செய்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.

தங்கைக்குப் புத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. திருத்தணியில் பஸ் ஏறினால் நகரி, அடுத்துப் புத்தூர், அப்படியே போனால் திருப்பதி. நகரிக்கு முன்னாலேயே ஆந்திரா வந்துவிடும். இங்கே பெண் கொடுப்பதும் அங்கே எடுப்பதும் எங்கள் ஊரில் புதுசு இல்லை. என் அம்மாவே நகரிக்காரர்தான். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், எனக்கும் அந்த எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவர். எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவதும் அம்மா வழி வந்ததுதான்.

இந்த மாதிரிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை இரண்டு அடிக்க வேண்டும். நம் பக்கத்துக்குத் தமிழ், அந்தப் பக்கத்துக்குத் தெலுங்கு. வழக்கமாக அச்சகத்தில் கொடுத்தால் அவர்களே இரண்டையும் செய்து தருவார்கள். தாத்தா பெயரில் ஒரு எழுத்து விழுங்கியிருக்கும், மண்டபத்தின் பெயர் தமிழில் ஒன்றாகவும் தெலுங்கில் வேறாகவும் இருக்கும். நான் வாய் சும்மா இருக்காமல், "வீட்ல நான் எதுக்கு இருக்கேன்? நானே ரெடி பண்ணித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரே கோப்பில் தமிழுக்கு ஒரு கட்டளை, தெலுங்குக்கு ஒரு கட்டளை. ஒன்றைக் காட்டினால் மற்றது மறையும். என்னைப் பொறுத்தவரை சாயங்காலம் ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை.

அந்த டீ ஆறுவதற்குள் எனக்கு மாமா ஞாபகம் வந்துவிட்டது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. நகரியில் இருக்கிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் புது வீடு கட்டிக் குடிபோனார். நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். சாப்பாட்டில் முதல் பந்தி. நைனா உட்கார்ந்து, இலையில் எல்லாம் விழுந்து, பருப்பில் நெய் ஊற்றிப் பிசையப் போகிற நேரம். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் பத்துப் பேரோடு உள்ளே வந்தார். மாமா பதறிப்போய் ஓடி வந்து, "பாவா, கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா, அடுத்த பந்தியில உக்காரலாம்" என்றார். அக்கா புருஷன்தானே, உரிமையாகச் சொல்லலாம் என்று நினைத்திருப்பார். அதில் தப்பான எண்ணம் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இலையில் கை வைத்த மனிதரை எழுப்பலாமா? நைனா எழுந்தார். கையைக் கழுவினார். செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அடுத்த பந்திக்காகக் காத்திருந்த அம்மா, தம்பி வீட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எங்களை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்.

வீட்டுக்கு வந்து நைனா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "என் வீட்டுப் பத்திரிகையில அவன் பேரு ஏறக் கூடாது. ஏறுச்சுன்னா நான் மணையில உக்கார மாட்டேன்."

நைனா கண்டக்டராக இருந்தவர். திருப்பதி வண்டியில் இருபத்தேழு வருஷம். போகும்போது ஒரு போர்டு, வரும்போது ஒரு போர்டு என்று மாட்டிக் கழற்றி, பிதுங்கி வழிகிற கூட்டத்தில் ஒருத்தர் டிக்கெட் எடுக்கவில்லை என்றால் வண்டியை நிறுத்திவிடுகிற ஆள். சொன்னால் சொன்னதுதான். சத்தம் போடுகிற அப்பாவாக இருந்தால் நான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். இவர் சத்தமே போடமாட்டார். அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

அந்தச் சொல்லுக்கு முதலில் பலியானது என் கல்யாணம். தாய்மாமன் பெயர் இல்லாமலே பத்திரிகை போனது. எங்கள் பக்கத்தில் பத்திரிகையில் பெயர் இல்லை என்றால் அதற்கு அர்த்தம் வராதே என்பதுதான். வாயால் ஆயிரம் தடவை அழைத்தாலும் வரமாட்டார்கள். மாமாவும் வரவில்லை. மணப்பெண்ணைக் கைபிடித்து மணமேடைக்குக் கூட்டி வர வேண்டியது தாய்மாமன். என்னைக் கூட்டி வந்தது அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். பாவம், நல்ல மனுஷர், மேடைக்குப் போகிற வழியில் என் புடவையை இரண்டு தடவை மிதித்தார். தாலி கட்டுகிற நேரத்தில்கூட அம்மா மேடையைப் பார்க்கவில்லை, மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அம்மா மேல் கோபம்தான் வந்தது. என் கல்யாணத்தில் என்னைப் பார்க்காமல் வாசலில் என்ன வேடிக்கை என்று நினைத்தேன். பிள்ளை பெற்ற பிறகுதான் அந்தக் கோபத்துக்காக வெட்கப்பட்டேன்.

இப்போது தங்கை கல்யாணம். எங்கள் வீட்டில் இதுதான் கடைசிக் கல்யாணம். இதற்கும் மாமா வரவில்லை என்றால், அம்மா வாசலைப் பார்ப்பதற்கு வேறு கல்யாணம் கிடையாது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நைனா தெலுங்கு பேசினால் புத்தூர்க்காரர்களே அசந்துபோவார்கள். ஆனால் படிக்கத் தெரியாது. "இன்னா எழுத்தோ, ஜாங்கிரி புழிஞ்ச மாதிரி" என்று சொல்லித் தள்ளிவிடுவார். அதனால் தெலுங்குப் பத்திரிகையில் மட்டும் மாமா பெயரை ஏற்றிவிட்டால்? மாமா வீட்டுக்குப் போவது தெலுங்குப் பத்திரிகைதான். நைனா கையில் இருப்பது தமிழ்ப் பத்திரிகைதான். கோப்பில் இன்னொரு கட்டளை உண்டாக்கினேன். அதற்கு 'மாமா' என்றே பெயர் வைத்தேன். தெலுங்கில் காட்டு, தமிழில் மறை. தமிழில் எதற்கு அதை எழுத வேண்டும், விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஒரு நப்பாசைதான். நைனா மனசு மாறினால் ஒரு வரியில் 'காட்டு' என்று மாற்றிவிடலாம் இல்லையா?

முதல் நகல் எடுத்து நைனாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். சித்தப்பா பெயரைத் தாண்டியதும் விரல் நின்றது.

"இங்க ஏன் ஒரு வரி காலியா கீது?"

பார்த்தேன். மாமாவின் பெயரை மறைத்தேனே தவிர, அந்தப் பெயருக்குப் பின்னால் போட்டிருந்த 'அடுத்த வரிக்குப் போ' என்கிற குறியைக் கட்டளைக்கு வெளியே விட்டிருந்தேன். பெயர் மறைந்துவிட்டது, அது உட்கார்ந்திருந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. இந்தத் தப்பை வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்வார்கள். நானே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன்.

"அலங்காரத்துக்கு விட்டேன் நைனா."

"நடுவுல இன்னா அலங்காரம்?"

"இல்ல, சும்மா. சரி பண்ணிடறேன்."

"ஆங், சரி பண்ணு" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் ஓடிப்போய்க் குறியைக் கட்டளைக்குள் தள்ளினேன். இடம் மூடிக்கொண்டது. அப்பாடா என்று உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

இரண்டாவது நாள் தெலுங்கு நகல் எடுத்தேன். அதை அம்மாவிடம் தனியாகக் கொடுத்துச் சரிபார்த்துவிடலாம் என்பது என் திட்டம். நைனா விடவில்லை. "தெலுங்குல தப்பு இருந்தா சம்பந்தி வீட்ல சிரிப்பாங்க. நீ படி, நான் கேட்டுகினு வர்றேன்" என்று அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இருவர் கையிலும் ஆளுக்கு ஒரு நகல். படிக்கத் தெரியாதவருக்கு நகல் எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கிற நிலைமையில் நான் இல்லை. அம்மாவுக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. தம்பி பெயர் வரும்போது அம்மா திகைத்து நிறுத்தினாலோ, கண் கலங்கினாலோ, எல்லாம் முடிந்தது.

அம்மா படிக்க ஆரம்பித்தார். நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்தில் படிப்பது மாதிரி. முகூர்த்தம், நாள், மண்டபம். பெண் வீட்டார் பெயர்கள். சித்தப்பா பெயர். அடுத்த வரி மாமா, நகரி. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா நேராக அதற்கடுத்த வரிக்குப் போனார். மாப்பிள்ளையின் தாத்தா, புத்தூர் என்று படித்தார். மூச்சு வாங்கவில்லை, குரல் தடுக்கவில்லை, பார்வைகூட நிற்கவில்லை. கடைசி வரை படித்து முடித்து, "ஒரு தப்பும் இல்ல" என்று காகிதத்தை மடித்து வைத்தார்.

பன்னிரண்டு வருஷமாகக் கட்டளை எழுதுகிறேன். இவ்வளவு சுத்தமாக ஒரு வரியை மறைக்க எனக்கு வராது. அம்மா ஒரு பொட்டுக் காலி இடம்கூட விடவில்லை. சமையலறையில் போய்ப் பார்த்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம் இல்லையா? என்னைப் பார்த்து, "உனுக்கு எவ்ளோ திமிரு" என்றார்.

பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பிரதியை மலைக்குக் கொண்டுபோனோம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முருகன் காலடியில் வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுப்பது. நைனா தமிழில் ஒன்றும் தெலுங்கில் ஒன்றுமாக இரண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். "சாமிக்கு எதுக்கு நைனா ரெண்டு?" என்று தங்கை கேட்டாள். "பாதிப் பேரு ஆந்திராவுலருந்துதான மலையேறி வர்றாங்க. அவருக்குத் தெலுங்கும் படிக்கத் தெரியும்" என்றார். நான் படியை எண்ணிக்கொண்டு இறங்கினேன். கடவுளிடம் திருட்டுப் பத்திரிகை கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று பயமாக இருந்தது.

அடுத்த வாரம் நானும் அம்மாவும் புடவை எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நகரிக்குப் போனோம். புடவையும் எடுத்தோம், பொய் முழுப் பொய்யாக இருக்கக் கூடாது என்பது அம்மாவின் கொள்கை. மாமா வீட்டு வாசலில் அம்மா கொஞ்ச நேரம் நின்றார். மாமா கதவைத் திறந்தார். முடி எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. "அக்கா" என்றார். உள்ளே உட்கார வைத்து, பத்திரிகையை வாங்கிப் படித்தார். தன் பெயர் இருக்கிற வரிக்கு வந்ததும் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"பாவா போட்டாரா?" என்று என்னைக் கேட்டார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான், "ஆங் மாமா" என்றேன்.

"அப்ப நானே இன்னிக்கே வந்து பாவா கால்ல விழுந்துட்றேன்."

"வேணாம் வேணாம்" என்று நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் சொன்னோம். "கல்யாண வேலையில நைனா ஒரு எடத்துல நிக்கிறதில்ல. முகூர்த்தத்துக்கு வந்துடுங்க, நீங்கதான் பொண்ணைக் கூட்டி வரணும்" என்று நான் ஒரு மாதிரியாகச் சமாளித்தேன். மாமா அழுதார். மாமாவை மன்னித்துவிட்டார் என்று நான் சொன்ன நைனாவுக்கு, மாமா பெயர் பத்திரிகையில் இருப்பதே தெரியாதே.

அதற்கப்புறம் கல்யாணம் வரை நான் பட்ட பாடு இருக்கிறதே. சம்பந்தியம்மா ஒருநாள் வீட்டுக்கு வந்து, "பத்திரிகையில நகரி மாமா பேரு பார்த்தோம், அவங்க..." என்று ஆரம்பித்தார். "காபிக்கு சக்கரை போடலாமா?" என்று அம்மா நடுவில் புகுந்தார். சம்பந்தியம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அவர் தன் மாத்திரைகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார், மாமா தப்பினார். நைனா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கல்யாண நாள் வந்தது. காலை ஏழரை மணி, முகூர்த்தம் ஒன்பதரைக்கு. மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். தெருமுனையில் வேன் ஒன்று நின்றது. மாமா இறங்கினார். பட்டு வேட்டி, கையில் சீர்த்தட்டு, பின்னால் குடும்பம் மொத்தமும் ஆளுக்கு ஒரு தட்டோடு. கிண்ணத்தைப் பக்கத்தில் இருந்தவர் கையில் திணித்துவிட்டு நைனா இருந்த அறைக்கு ஓடினேன். வாசலில் அவர்கள் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்து, நைனா மணையில் உட்காரமாட்டேன் என்று திரும்பிவிட்டால், அதை முந்நூறு பேர் பார்ப்பார்கள். அம்மா பார்ப்பார். அதற்கு முன்னால் நானே சொல்லித் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நைனா கண்ணாடி முன்னால் நின்று வேட்டி மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"நைனா, ஒன்னு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"கோவப்பட்ற விசயம்னா கல்யாணம் முடிஞ்சி சொல்லு."

"மாமா வந்துட்டாரு."

"வரட்டும். பேரு போட்டுப் பத்திரிகை வெச்சா வரத்தான் செய்வாங்க."

"உங்களுக்கு... உங்களுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாதே நைனா."

"தெரியாதுதான்." மடிப்பை இழுத்துச் செருகினார். "ஆனா இருபத்தேழு வருசம் எவன் போர்டு மாட்டினான்? பார்டர் தாண்டினா தெலுங்கு போர்டு. நகரி, புத்தூர், திருப்பதி. இந்த மூணையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். தமிழ்ல ஒரு வரி காலியா இருந்துச்சே, அப்பவே இன்னாவோன்னு நினைச்சேன். அப்புறம் உங்கம்மா தெலுங்கு படிச்சா. நான் விரல் வெச்சுகினே வந்தேன். அதே எடத்துல, போர்டுல பாத்த நகரி கீது. உங்கம்மா நகரியில வண்டிய நிறுத்தவே இல்ல. நேரா புத்தூருக்குப் போயிட்டா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கண் மை போனது போனதுதான்.

"அப்ப ஏன் நைனா ஒன்னும் சொல்லல? மணையில உக்கார மாட்டேன்னீங்களே?"

நைனா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "தமிழ்ல போட்டிருந்தீன்னா எடுத்துடுன்னுதான் சொல்லியிருப்பேன். சொன்ன சொல்லை எப்படித் திருப்பி வாங்கிக்கிறது, எனுக்குத் தெரில. இதுன்னா, நான் பாக்காத மாதிரி இருந்துக்கலாம்ல?" கதவு வரை போனவர் திரும்பினார். "உங்கம்மாகிட்ட சொல்லாத. நல்லா மறைச்சிருக்கோம்னு இருக்கட்டும் அவ."

அவர் பின்னாலேயே போனேன். மாமா கூடத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நைனாவைப் பார்த்ததும் அவசரமாக முன்னால் வந்ததில் தட்டில் இருந்த எலுமிச்சம்பழம் உருண்டது. "பாவா" என்றார். நைனா தட்டை வாங்கினார். "வா. டிபன் ஆச்சா?" என்றார். அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்துக்குச் சேர்த்து அவ்வளவுதான் பேசினார்.

மாமா தங்கையைக் கைபிடித்து மேடைக்குக் கூட்டி வந்தார். புடவையை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. நைனாவும் அம்மாவும் மணையில் உட்கார்ந்தார்கள். தாலி கட்டும்போது நான் அம்மாவைத்தான் பார்த்தேன். அம்மா மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோப்பு இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தமிழில் அந்த வரி இன்னும் 'மறை' என்றுதான் இருக்கிறது. அதைக் காட்டு என்று நைனா சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

முகூர்த்தம் முடிந்து முதல் பந்திக்கு இலை போட்டார்கள். மாமா உட்காரவில்லை. சுவர் ஓரமாக நின்றுகொண்டு, வருகிறவர்களை எல்லாம் உட்காருங்கள் உட்காருங்கள் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நைனா வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தார், பஸ்ஸில் ஆள் எண்ணுகிற அதே நடை. மாமாவிடம் வந்ததும் தோளைப் பிடித்து, தன் இலைக்குப் பக்கத்து இலையில் அழுத்தி உட்கார வைத்தார்.

"உக்காரு. எவன் வந்தாலும் எழுப்ப மாட்டேன்."

மாமாவால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. நைனா அவர் இலையில் நெய் ஊற்றச் சொல்லிவிட்டு, அவர் பிசைகிறவரை தானும் கை வைக்காமல் காத்திருந்தார். எதிர் வரிசையில் அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாதவர் மாதிரி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாயசம் கொண்டு வந்தவர் தாண்டிப் போனதும், அவரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.